பாலத்தில் விழுந்தவளுக்கு எந்த விதி?

எங்கள் ஆட்டத்தின் விதிகள் ஒரு லாங் சைஸ் நோட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு விதிக்கும் எண் உண்டு. மாற்றிய விதியை ஒற்றைக் கோட்டால்தான் அடிக்க வேண்டும், அடித்த பிறகும் அதைப் படிக்க முடிய வேண்டும் என்பது முதல் விதி. மார்ஜினுக்கு இந்தப் பக்கம், ஒவ்வொரு விதிக்கும் நேராக ஒரு கதாபாத்திரத்தின் பெயர் எழுதியிருக்கும். என்றோ ஒரு ராத்திரி அந்தப் பாத்திரத்துக்கு ஏதோ நேர்ந்தது, அதைப் பார்த்துவிட்டு நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம் என்று அதற்கு அர்த்தம்.

ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதை நடத்துகிறவர், அவரை டிஎம் என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம்: ஒருத்தி வாள் வீராங்கனை, ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் திருடன். “கதவைத் திறக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று டிஎம் சொல்வார். திறக்குமா திறக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டிப் பார்ப்போம். ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்று எழுந்து போகிற ஆட்டமல்ல இது. ஒரே கதை வருஷக்கணக்கில் நீளும். அதைத்தான் கேம்பெய்ன் என்கிறோம். எங்களுடையது கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், என் வீட்டு மாடியில், சனிக்கிழமை ராத்திரிகளில் நடக்கிறது. தி. நகர், அடையாறு, மந்தைவெளி, கோட்டூர்புரம் என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். தொடங்கியபோது எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த புதிது. டிஎம் நான்.

2024 செப்டம்பரில் விதிநூலின் திருத்திய பதிப்பு வந்தது. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. “பேசாம புது புக்குக்கு மாறிடலாம்டா, நோட்டைத் தூக்கிப் பரண்ல போடு” என்றான் தி. நகர் நண்பன். மாறலாம்தான். புதிய நூலில் நல்ல மாற்றங்கள் இருக்கின்றன. பழைய நூல்படி சண்டைக்கு நடுவே மருந்துக் குப்பியைக் குடித்தால் அந்தச் சுற்றின் முழு வாய்ப்பும் போய்விடும். வாளை வீசுவதா, மருந்தைக் குடிப்பதா என்று யோசித்து எல்லோரும் குப்பியைப் பையிலேயே வைத்திருந்து செத்தார்கள். குடிப்பதைச் சின்ன வாய்ப்பாக, போனஸ் ஆக்‌ஷனாக வைத்துக்கொண்டால் என்ன என்று உலகம் முழுக்கப் பல குழுக்கள் தாங்களாகவே மாற்றிக்கொண்டன. நாங்களும் மாற்றினோம். 2024 நூல் அதையே அதிகாரபூர்வ விதியாக்கிவிட்டது. வீடுகளில் புழங்கிய ஒரு வழக்கம் அச்சில் ஏறியதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம்.

ஆனாலும் நோட்டைப் பரணில் போட நான் சம்மதிக்கவில்லை. ஒரு வரி விடாமல் உட்கார்ந்து படிப்போம், எது போக வேண்டும் எது இருக்க வேண்டும் என்று பிறகு முடிவு செய்வோம் என்றேன். அந்தப் படிப்பில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்றுதான்: நீண்ட ஆட்டத்தில் விதியைத் திருத்துகிறவர், அந்த விதி யாருக்காகப் பிறந்தது என்பதை முதலில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். விதி நியாயமானதா, கணக்கு சரியா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த ஆட்டமே அப்படிப் பிறந்ததுதான். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்தி மோதவிடுவது. அடி பட்டால் சிப்பாய் காலி. மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் தன் நண்பர்களை வைத்து ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டில் ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் படை கிடையாது, ஆளுக்கு ஒரே ஒரு வீரன். ராட்சதனை ஒரே அடியில் சாய்ப்பதில் நண்பர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ராட்சதன் தங்கள் வீரனை ஒரே அடியில் சாய்ப்பதைத்தான் அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கப்பல்களை வைத்துத் தான் முன்பே எழுதியிருந்த விதிகளிலிருந்து ஆர்னசன் ஒரு கணக்கை எடுத்துவந்தார். கப்பல் இத்தனை அடி தாங்கும், அதற்குப் பிறகுதான் மூழ்கும் என்ற கணக்கு. ஹிட் பாயின்ட் அப்படி வந்தது. கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து 1974இல் மூன்று சிறு நூல்களாக, முதல் அச்சில் 1000 பெட்டிகள் வெளியிட்டபோது அதுவும் உள்ளே இருந்தது. இன்று செல்போன் விளையாட்டுகளில் வீரனின் தலைக்கு மேல் குறைந்துகொண்டே வரும் அந்தச் சிவப்புப் பட்டை அதே கணக்கின் வாரிசு. தன் வீரன் மேல் பாசம் வைத்துவிட்ட நாலைந்து பேருக்காக ஒருவர் செய்த திருத்தம் அது.

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு வீட்டு விதி என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு பித்தளைக் கட்டைகள், தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதுவரை அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று. அதற்கு மேல் வீட்டுக்கு வீடு வேறு. எதிராளி காயை ஒரு முறையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா? ஐந்து விழுந்தால் மறுபடி உருட்டலாமா? சொந்தக் காய் இரண்டு ஒரே கட்டத்தில் நின்றால் வெட்டு உண்டா? மத்தியானத் திண்ணையில் ஆட்டம் தொடங்குமுன், “உங்க வீட்ல வெட்டாம பழம் போகலாமா?” என்று கேட்டுக்கொண்டுதான் கட்டையைக் கையில் எடுப்பார்கள். சென்னையில் 2002இல் தொடங்கிய ‘க்ரீடா’ இந்தப் பழைய ஆட்டங்களைப் பெட்டியில் போட்டு விற்கிறது. பெட்டி என்றால் விதித்தாள் வேண்டும், விதித்தாளில் ஒரு வழக்கத்தைத்தான் அச்சடிக்க முடியும். அதனால் வீட்டு வழக்கம் அழிந்துவிடுவதில்லை, கேட்டுக்கொள்கிற பழக்கம் இருக்கும்வரை.

தாயத்தில் இருக்கும் ஒரு வசதி எங்களுக்கு இல்லை. அது ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். இன்று ஒரு விதி, நாளைக்குப் புது ஆட்டம், புது விதி. யாருக்கும் நஷ்டமில்லை. கேம்பெய்னில் நாளைய ஆட்டம் என்று ஒன்று கிடையாது, இருப்பது ஒரே ஆட்டம். எந்த நாளில் திருத்தினாலும் நடுவில்தான் திருத்துகிறோம். ஒருவர் பழைய விதியை நம்பி ஏதோ செய்துவிட்டிருப்பார், இன்னொருவர் அதனால் எதையோ இழந்திருப்பார்.

சில விதிகளை அடிப்பதில் கஷ்டம் இருக்கவில்லை. பகடையில் ஒன்று விழுந்தால் கையிலிருக்கும் ஆயுதம் தவறி விழும் என்று ஒரு விதி வைத்திருந்தோம். கேட்க நன்றாக இருக்கும். கணக்கு போட்டுப் பார்த்தால் அநியாயம். ஒரு முறை வாள் வீசுகிறவனுக்கு ஒன்று விழ வாய்ப்பு 100க்கு 5. படைவீரன் பதினோராம் நிலைக்கு வந்தால் ஒரே வாய்ப்பில் மூன்று முறை வீசலாம், இருபதாம் நிலையில் நான்கு முறை. நான்கு வீச்சில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 18.5. அதாவது வாளைப் பிடிக்கத் தெரியாத பையனைவிட, உலகத்திலேயே சிறந்த வாள்வீரன்தான் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வாளைக் கீழே போடுவான். மந்திரவாதிக்கோ பல மந்திரங்களில் பகடை உருட்டும் வேலையே இல்லை. அவன் எதையும் கீழே போடுவதில்லை. மந்தைவெளிக்காரர் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் பேச்சே எழவில்லை. ஒற்றைக் கோடு.

நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது இரண்டாவது நோட்டு. முதலாவது கோட்டூர்புரத்தில் தரைத்தள வீட்டில் இருந்த நண்பரிடம் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் அந்த வீட்டுக்குள் வந்தபோது அதுவும் போனது. வீட்டைக் கழுவி, சேற்றை அள்ளி, மின்சாரம் வந்து, மூச்சு விட்ட பிறகு ஒரு ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து விதிகளை நினைவிலிருந்து எழுதினோம். அப்போது ஒன்றைக் கவனித்தேன். தனக்குச் சாதகமாக இருந்த விதியை யாரும் முழுசாகச் சொல்லவில்லை. தன்னைக் கவிழ்த்த விதியை மட்டும் அவரவர் வார்த்தை பிசகாமல், நிபந்தனைகளோடு, எண்ணோடு சொன்னார்கள். ஓரத்தில் பெயர் எழுதும் பழக்கம் அந்த ராத்திரியில்தான் தொடங்கியது. விதியைச் சொன்னவரிடம் “உனக்கு எப்படி இவ்வளவு ஞாபகம்?” என்று கேட்டால், பதிலாக ஒரு கதாபாத்திரத்தின் பெயர் வந்தது.

கஷ்டம் சாவு விதியில் இருந்தது.

2014 நூல்படி, ஹிட் பாயின்ட் தீர்ந்தால் பாத்திரம் மயங்கி விழும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு பிழைப்பு, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று பிழைப்பு முதலில் சேர்ந்தால் உயிர் தங்கும். மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. நடுவில் யாராவது ஒரு சின்ன குணமாக்கும் மந்திரத்தைச் சொல்லி எழுப்பிவிட்டால் கணக்கெல்லாம் சுழியத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் ஆரம்ப காலத்தில் ஒரு திருடன் ஒரே சண்டையில் விழுந்து விழுந்து எழுந்தான், ஒவ்வொரு முறையும் நாங்கள் சிரித்தோம். சாவுக்கு அங்கே எடையே இல்லை. எங்களுக்கு எடை வேண்டியிருந்தது. அதனால் ஒரு விதி எழுதினோம்: தோல்விகள் அழியாது, ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்வரை சேர்ந்துகொண்டே போகும். ஓரத்தில் அந்தத் திருடனின் பெயர்.

எங்கள் உலகத்தின் வரைபடத்தில் ஓர் ஆற்று முகத்துவாரமும் அதில் ஓர் உடைந்த பாலமும் இருக்கின்றன. அது எங்கிருந்து வந்தது என்று பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரையில் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1977இல் வெள்ளம் கொண்டுபோனதுபோக மிச்சம் நிற்கும் அந்தப் பாலம்தான். கதையில் அதைக் கடக்க வேண்டியிருந்த நாளில், கயல் என்ற வாள் வீராங்கனை காலையிலேயே சதுப்பில் விழுந்து எழுந்திருந்தாள். மத்தியானம் இன்னொரு முறை. அவள் தாளில் பென்சிலால் போட்ட இரண்டு பெருக்கல் குறிகள் இருந்தன. பாலத்தின் முனையில் மற்றவர்கள் தாண்டும்வரை அவள் ஒருத்தியாக நின்றாள், விழுந்தாள், உருட்டினாள். ஏழு. அடுத்த முறை உருட்ட வேண்டியவன் குணமாக்கும் மந்திரம் வைத்திருந்தவன், பகடை அவன் கையில் இருந்தது. அச்சிட்ட நூல்படி அவள் பிழைத்திருக்க நிறைய வழி உண்டு. எங்கள் நோட்டுப்படி கயல் செத்துப்போனாள். அவளை ஆடியவர் அடையாற்றிலிருந்து வரும் தோழி. அன்று அவர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த விதியை இப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டவர்கள் பலர், காரணங்களும் பல. மாதம் ஒரு முறைதான் வர முடிகிற ஒருவருக்கு எட்டரை மணிக்குச் சாவு வந்தால், மீதி ராத்திரி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் மெட்ரோவுக்குத் தோண்டியதிலிருந்து வந்து சேரவே பாதி உயிர் போகிறது. இவை சின்னக் காரணங்கள். பெரிய காரணத்தைக் கோட்டூர்புரத்துக்காரர் சொன்னார். 2021இல் எங்களில் இரண்டு பேர் வீட்டில் சாவு விழுந்தது. அதன் பிறகு ஆட்டத்தில் ஒரு பாத்திரம் விழும்போது யாருடைய முகமும் பழைய மாதிரி இல்லை. “சாவுக்கு எடை வேணும்னு எழுதினப்போ நமக்கு அது என்னன்னு தெரியாதுடா” என்றார். யாரும் மறுக்கவில்லை. விதி யாருக்காகப் பிறந்ததோ அந்த நாங்கள் இப்போது இல்லை. இதைவிட நல்ல காரணம் ஒரு விதியை மாற்றுவதற்கு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

புதிய விதியை எழுதினோம். தோல்விகள் அந்தச் சண்டை முடியும்வரை மட்டும் நிற்கும். மூன்றாவது தோல்வி விழுந்தால், சாவதா அல்லது திரும்பக் கிடைக்காத ஏதோ ஒன்றை இழந்து பிழைப்பதா என்பதை ஆடுகிறவரே சொல்லலாம்: ஒரு கை, ஒரு கண், கற்ற மந்திரங்களில் ஒன்று.

எழுதி முடித்ததும் தி. நகர் நண்பன் கேட்டான்: “அப்போ கயல்?” இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவள் ஒரு கையை இழந்தாவது பிழைத்திருப்பாள். கதையில் அவளைத் திரும்பக் கொண்டுவருவது டிஎம்முக்குக் கஷ்டமே இல்லை. ஆற்றில் விழுந்தவள், உடல் கிடைக்கவில்லை, எங்கோ ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறாள் என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எல்லோரும் அடையாற்றுத் தோழியைப் பார்த்தோம்.

“வேண்டாம்” என்றார். “அவ செத்தது செத்ததாவே இருக்கட்டும். நீங்க அத்தனை பேரும் அன்னிக்குப் பாலத்தைத் தாண்டினது அவ நின்னதாலதான். இப்போ அவ சாகலைன்னா, அவ நின்னதுக்கு என்ன அர்த்தம்?”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே பட்டது, பிறகு யோசிக்க யோசிக்க இன்னும் பட்டது. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம் சமன், சூப்பர் ஓவரும் சமன். பவுண்டரிகளை எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்த விதி பொருத்தமில்லை என்று உலகமே பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் ஐசிசி அதை மாற்றியது: இனி அப்படி நடந்தால் ஒருவர் ஜெயிக்கும்வரை சூப்பர் ஓவர் தொடரும். கோப்பை மட்டும் இங்கிலாந்திடமே இருக்கிறது. நியூசிலாந்துக்காரர்களின் வலி எனக்குத் தெரியும், ஆனாலும் அதைத் திருப்பி வாங்கியிருக்கக் கூடாது. அன்று ஆடிய இருபத்திரண்டு பேரும் அந்த விதிக்குள் நின்றுதான் ஆடினார்கள்.

பின்னோக்கிப் போகிற திருத்தம் என்ன செய்யும் என்று எங்கள் ஆட்டத்தின் உரிமையாளர்களே ஒரு முறை காட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் ஒரு திறந்த உரிமம் கொடுத்து, எங்கள் விதிகளை வைத்து யாரும் நூல் எழுதலாம் என்றார்கள். அதை நம்பி எத்தனையோ சிறு பதிப்பாளர்கள் தொழில் நடத்தினார்கள். 2023 ஜனவரியில் அந்தப் பழைய உரிமத்தையே செல்லாமல் செய்யும் புது வரைவு வெளியே கசிந்தபோது எழுந்த கொந்தளிப்பு கொஞ்சமல்ல. அந்த மாதம் 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாரும் திரும்ப வாங்க முடியாதபடி விட்டுவிட்டது. இனி எழுதும் நூல்களுக்கு வேறு விதி என்று மட்டும் சொல்லியிருந்தால் முணுமுணுப்போடு போயிருக்கும் என்பது என் எண்ணம். இருபத்து மூன்று வருஷமாக நம்பியவர்களின் காலடியில் கை வைத்ததுதான் பொறுக்க முடியாததாகப் போயிற்று.

பகடையும் சபையும் என்றால் நம் நினைவு பாஞ்சாலியிடம் போகாமல் இருக்காது. தன்னையே வைத்துத் தோற்றவனுக்கு என்னை வைக்க உரிமை உண்டா என்று அவள் கேட்டது ஆட்ட விதியைப் பற்றிய கேள்வி. பணயம் வைப்பதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விதி தெரிந்த பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தும் பதில் வரவில்லை. எங்கள் நோட்டில் டிஎம்முக்கென்று இருக்கும் விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சபை ஞாபகம் வரும். சண்டைக்கு நடுவே யாராவது விதியைப் பற்றிக் கேட்டால் டிஎம் அங்கேயே, அப்போதே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அந்த ராத்திரிக்கு மட்டும். நிரந்தரமாக நோட்டில் ஏறுவது, அடுத்த வாரம் எல்லோரும் பேசிய பிறகு. அவசரத்தில் சொன்ன பதில் அரைகுறையாக இருக்கலாம், பரவாயில்லை. கேட்டவள் பதில் இல்லாமல் நிற்கக் கூடாது.

ஆக, திருத்திய விதிகள் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி சேர்த்தோம்: இவை இன்றிலிருந்து. மருந்துக் குப்பி விதி புதிய நூலிலும் எங்களுடையதேதான், அது அப்படியே நின்றது. அந்த நூலிலிருந்து களைப்புக்கான புதுக் கணக்கை எடுத்துக்கொண்டோம். பழைய நூலில் களைப்பின் ஆறு படிகளுக்கும் ஆறு விதமான விளைவுகள், ஒவ்வொரு முறையும் பக்கம் புரட்ட வேண்டும். புதியதில் ஒரு படிக்கு உருட்டலில் இரண்டு குறையும், நடையில் ஐந்து அடி குறையும், ஆறாவது படியில் சாவு. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இப்போது தீராமல் இருப்பது தி. நகர் நண்பனின் மகள் விஷயம். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவோடு வந்து உட்கார்ந்து பார்த்து, தனக்கும் ஒரு கதாபாத்திரம் வேண்டும் என்கிறாள். அவள் பாத்திரம் மட்டும் சாகாது என்று ஒரு விதி எழுதிவிடலாம் என்கிறான் அவன். எனக்கு உடன்பாடில்லை. அவளுக்கும் எல்லோருக்கும் உள்ள விதிதான். சாவதா, ஒன்றை இழந்து பிழைப்பதா என்று அவளே சொல்லட்டும். ஆனால் பாத்திரத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும், புரிந்ததா என்று கேட்க வேண்டும். சொல்ல வேண்டியது நானா அவனா என்பதிலும் சண்டை. அடையாற்றுத் தோழி சொல்லட்டும் என்று கோட்டூர்புரத்துக்காரர் சொல்கிறார். வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அதைத்தான் பேசப் போகிறோம்.